காற்று ஒரு ராத்திரி, தீவு நூறு நாள்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். அவர் மகன் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவன். கரீபியன் கடலில் டொமினிகா என்ற தீவில் ஒரு ஓட்டலில் பராமரிப்பு வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். சம்பளம் நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே ஹரிகேன் அடிக்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து பையனின் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. ‘அனுப்பலாமா? புயலில் மாட்டிக்கொண்டால் எத்தனை நாளில் திரும்ப முடியும்? என்னென்ன கொடுத்து அனுப்ப வேண்டும்?’ இதுதான் கேள்வி.

அண்ணா, நான் அந்தத் தீவில் 2014 முதல் 2017 டிசம்பர் வரை இருந்தவன். உங்கள் மகனுக்குக் கிடைத்திருக்கும் அதே மாதிரி வேலைதான். ஜெனரேட்டர், பம்பு, வயரிங். 2017 செப்டம்பரில் மரியா என்ற ஹரிகேன் அடித்த இரவும் அங்கேதான் இருந்தேன், அதற்குப் பிறகு நூறு நாளும் அங்கேதான் இருந்தேன். இப்போது ஏற்காட்டில் குடியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், வீட்டில் அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒன்று. அது டொமினிகா, டொமினிகன் குடியரசு இல்லை. இரண்டும் வேறு வேறு நாடு. டொமினிகன் குடியரசு பெரிய நாடு, ஸ்பானிஷ் பேசுவார்கள். டொமினிகா 750 சதுர கிலோமீட்டர் தீவு, மக்கள்தொகை ஏறக்குறைய எழுபதாயிரம், ஆங்கிலம்தான் ஆட்சிமொழி, தலைநகர் ரோசோ. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், 2017-இல் என் வீட்டார் மூன்று நாள் தவறான நாட்டைப் பற்றிய செய்தியைப் பார்த்துக்கொண்டு, ‘அங்கே பெரிய சேதம் இல்லையாம்’ என்று ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மை தெரிந்தபோது அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லையாம். தீவின் பெயரையும் தலைநகரின் பெயரையும் காலண்டரில் எழுதி மாட்டி வையுங்கள்.

ஊர் எப்படி என்றால், நம் சேர்வராயன் மலையைத் தூக்கிக் கடலுக்கு நடுவில் வைத்தது போல. அங்கே உயரமான மலை மோர்ன் டியாப்லோட்டின்ஸ், 1,447 மீட்டர். கிட்டத்தட்ட ஏற்காட்டின் உயரம். வாழை, ஆரஞ்சு, காப்பி, எங்கு பார்த்தாலும் ஓடை. வளைந்து வளைந்து ஏறும் சாலை. முதல் ஆறு மாதம் எனக்கு ஊர் ஏக்கமே வரவில்லை. அந்த மலைதான் அந்தத் தீவின் அழகு, புயல் வந்தால் அதே மலைதான் ஆபத்து.

ஹரிகேன் என்பது நம் புயலேதான். அட்லாண்டிக் பக்கம் அந்தப் பெயர், நம் கடலில் வேறு பெயர். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே சீசன், ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் உச்சம். காற்றின் வேகத்தை வைத்து 1 முதல் 5 வரை வகை பிரிப்பார்கள், மணிக்கு 252 கிலோமீட்டருக்கு மேல் போனால் 5. இந்த எண்ணைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். 2015 ஆகஸ்ட் 27-இல் எரிகா என்று ஒன்று வந்தது. அது ஹரிகேன்கூட இல்லை, 1-ஆம் வகைக்கும் கீழே இருந்த சாதாரணப் புயல். எங்கள் ஓட்டலில் ஜன்னலுக்குப் பலகைகூட அடிக்கவில்லை. ஆனால் மழை கொட்டிய கொட்டில் மலைச்சரிவுகள் வழுக்கிக்கொண்டு வந்து, முப்பது பேர் அளவில் செத்தார்கள். பெத்தீத் சவான் என்ற கிராமத்தையே அப்புறம் காலி செய்யவேண்டி வந்தது.

நம் ஊரிலேயே பார்த்தோமே. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்த ஃபெஞ்சல் 100 கிலோமீட்டர் வேகத்தைக்கூடத் தொடாத புயல். ஆனால் கடலிலிருந்து எவ்வளவோ தள்ளி இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மேலே இருந்த எங்களுக்கு அந்த நாட்களில் ஏற்காடும் ஒரு தீவுதான். அதனால் உங்கள் மகன் அங்கே போனால் வகை எத்தனை என்று மட்டும் கேட்கக்கூடாது, எத்தனை மழை என்றும் கேட்க வேண்டும். தங்கும் அறை ஆற்றங்கரையிலோ, வெட்டிய மலைச்சரிவுக்குக் கீழேயோ இருந்தால் முதல் நாளே வேறு அறை கேட்கச் சொல்லுங்கள்.

இனி மரியா. 2017 செப்டம்பர் 17-ஆம் தேதிதான் அது ஹரிகேன் என்ற நிலைக்கே வந்தது. மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் 5-ஆம் வகை. யாருக்கும் தப்பி ஓட நேரம் இல்லை. இரவு சுமார் ஒன்பதே கால் மணிக்கு, மணிக்கு ஏறக்குறைய 265 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கரையேறியது. சேலத்தில் அப்போது செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால். மகாளய அமாவாசை. அம்மா தாத்தாவுக்குப் படையல் போட அரிசி ஊறவைத்துக்கொண்டிருந்த நேரம்.

ரோசோவுக்கு மேலே ஒரு சரிவில், ஊழியர்கள் தங்கும் கட்டடத்தில் இருந்தோம். ஐந்து பேர். கூரை முழுக்கத் தகரம், பாத்ரூமுக்கு மட்டும் மேலே கான்கிரீட் வார்ப்பு. சாயங்காலமே மெயினை அணைத்துவிட்டு, வாளி, டிரம், சமையல் அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தேன். எட்டு மணிக்குப் பாத்ரூமுக்குள் போய்க் கதவுக்கு மெத்தையை முட்டுக் கொடுத்து முதுகால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தோம். முதலில் போனது சத்தம்தான். மனிதக் குரல் கேட்கவில்லை என்று சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவன் வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. அந்த இரைச்சலுக்குள்ளும் ஒரே ஒரு சத்தம் தனியாகக் கேட்டது. தகரத்திலிருந்து ஆணிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளும் சத்தம். அப்புறம் ஒரு இழுப்பு, கூரை போய்விட்டது. காது அடைத்தது, மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் வேகமாக இறங்கினால் அடைக்குமே, அதைவிடப் பல மடங்கு. டார்ச்சை அடித்துப் பார்த்தால் சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டியிலிருந்து குழாயைத் திறந்தது போலத் தண்ணீர் ஊற்றுகிறது. மேலே உடைந்த வயரிங் குழாய்க்குள் மழை புகுந்து, சுவருக்குள்ளேயே ஓடி, சுவிட்ச் வழியாக வெளியே வருகிறது. மெயினை மட்டும் நான் அணைக்காமல் விட்டிருந்தால் அந்த ஈரத்தில் ஐந்து பேரில் யார் மிஞ்சியிருப்போம் என்று இன்றும் சில இரவு நினைத்துக்கொள்வேன்.

உங்கள் மகன் எலக்ட்ரிக்கல் படித்தவன், இதைச் சொன்னால் புரிந்துகொள்வான். இன்னொன்றும் சொல்லுங்கள். காற்றழுத்தம் சமமாகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவைக்க யாராவது சொன்னால் கேட்கக்கூடாது. காற்று உள்ளே நுழைந்தால் கூரையை அடியிலிருந்து தூக்கிவிடும். புயலின் கண் கடக்கும்போது காற்று சட்டென்று நிற்கும், சில இடத்தில் வானம்கூடத் தெரியும். அப்போது முடிந்துவிட்டது என்று வெளியே போனவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேகத்தில் திரும்ப அடிக்கும். அன்றிரவு அந்த நாட்டுப் பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் வீட்டுக் கூரையே போனது. அவர் முகநூலில் அதை எழுதியதோடு தீவிலிருந்து வெளியுலகத்துக்குப் போன செய்தி ஏறக்குறைய நின்றது.

விடிந்து வெளியே வந்தபோது பச்சை என்ற நிறமே இல்லை. மரங்கள் நின்றன, ஆனால் ஒரு இலை இல்லை, பல மரத்தில் பட்டைகூட இல்லை. தீ எரிந்து முடிந்த மலை போலப் பழுப்பு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிற்கும் சில்வர் ஓக் மரமெல்லாம் ஒரே இரவில் மொட்டைக் குச்சி ஆனால் எப்படி இருக்கும், அப்படி. அதுவரை காட்டுக்குள் மறைந்திருந்த வீடுகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன, எதற்கும் கூரை இல்லை. தீவில் பத்தில் ஒன்பது வீட்டுக்குக் கூரையில் சேதம். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 65 பேர். நாட்டின் ஒரு வருஷ மொத்த உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இழப்பு என்று அப்புறம் கணக்கு வந்தது.

இதுவரை சொன்னது ஒரு இரவு. பெற்றோர்கள் எல்லோரும் அந்த இரவை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நல்ல வார்ப்புக் கட்டடத்தில், ஆற்றுக்குத் தள்ளி இருந்தால் அந்த இரவைப் பெரும்பாலும் கடந்துவிடலாம். என்னைப் பிழிந்து எடுத்தது அடுத்த நாட்கள்தான். அதற்கு யாரும் தயாராகிப் போவதில்லை, நானும் போகவில்லை.

முதல் மூன்று நாள் விருந்து. கரண்ட் இல்லாததால் ஊரில் எல்லோருடைய ஃப்ரீசரும் உருகுகிறது. கோழி, மீன் எல்லாவற்றையும் தெருவில் விறகு மூட்டிச் சமைத்து யார் வந்தாலும் தட்டில் போட்டார்கள். நான்காம் நாள் தட்டு காலி. கடைகளில் சிலவற்றைக் காற்று கொண்டுபோனது, சிலவற்றை மனிதர்கள் கொண்டுபோனார்கள். சாயங்காலம் நாலு மணி முதல் மறுநாள் காலை எட்டு மணி வரை ஊரடங்கு. சாலையெல்லாம் மரம். அரிவாளை வைத்துக்கொண்டு ஊர் ஆண்களும் பெண்களும் வெட்டி வெட்டித்தான் வழி உண்டாக்கினோம். பல பாலங்களில் அடித்துவந்த மரங்கள் அடைத்து, ஆறு தன் பாதையை மாற்றிக்கொண்டு தெருவில் ஓடியது.

அப்போது எங்களைக் காப்பாற்றியது மண்ணுக்குள் இருந்த சோறு. வாழை போச்சு, ஈரப்பலா மரமெல்லாம் சாய்ந்துவிட்டது. ஆனால் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. அங்கே டஷீன் என்பார்கள், நம் சேப்பங்கிழங்கின் பெரிய வகை. பக்கத்து வீட்டுப் பாட்டி, எழுபது வயசு இருக்கும், கூரை இல்லாத வீட்டுக்குப் பின்னால் தினமும் போய்க் கடப்பாரையால் நெம்பி நாலு கிழங்கு எடுத்து வருவார். ஒன்று எங்களுக்கு. என்னிடம் அம்மா கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூளும் கடுகும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் நனையாமல் தப்பியிருந்தது. வேகவைத்து, தோலை உரித்து, வட்டமாக நறுக்கி, பாட்டி வைத்திருந்த தேங்காய் எண்ணெயில் தாளித்து வறுத்துக் கொடுத்தேன். பாட்டி கண்ணில் தண்ணீர் வரக் காரம், ஆனாலும் தட்டை நீட்டி இன்னும் கேட்டார். அக்டோபர் 18 தீபாவளிக்கும் அதுதான் எங்களுக்குப் பலகாரம்.

பச்சைக் கிளி வகை ஒன்று, ஜாக்கோ என்பார்கள், ஆழ்ந்த காட்டில் இருப்பது. காட்டில் ஒரு பழம்கூட இல்லாமல் ஊருக்குள் இறங்கி வந்துவிட்டது. பாட்டி வீட்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து கிழங்குத் தோலைக் கொத்திக்கொண்டிருக்கும். சில வாரத்தில் அந்த மொட்டை மரங்களின் அடிமரத்திலேயே துளிர் விட்டது. நான் கிளம்பும்போது மலை மறுபடியும் பச்சை.

ஏன் நூறு நாள் அங்கேயே இருந்தேன் என்று கேட்பீர்கள். பாதி கடமை. ஓட்டல் ஜெனரேட்டர் தண்ணீரில் மூழ்கியிருந்தது, அதைக் கழற்றிக் காயவைத்து ஓடவைத்தோம். டீசல் அளந்துதான் கிடைக்கும், அதனால் சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுவேன். அந்த இரண்டு மணி நேரமும் தெரு ஜனம் முழுக்க போனோடு வந்துவிடும். ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இருபத்து மூன்று போன் தொங்கிய நாள் உண்டு. அதை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. மீதிப் பாதி, வெளியே வர வழி இல்லை. இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள் அண்ணா. அப்போது டொமினிகாவுக்கு நேரடியாகப் பெரிய விமானம் வராது. பக்கத்துத் தீவில் மாறித்தான் வர வேண்டியிருந்தது. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் ஒரு வழி. எங்களை அடித்த அதே மரியா இரண்டு நாள் கழித்து, 20-ஆம் தேதி, போர்ட்டோ ரிக்கோவையும் சாய்த்தது. செயின்ட் மார்ட்டின் இன்னொரு வழி. அதை செப்டம்பர் 6-ஆம் தேதியே இர்மா என்ற இன்னொரு ஹரிகேன் நொறுக்கிவிட்டது. படகில் போகலாம் என்றால் வடக்கே குவாதலூப், தெற்கே மார்ட்டினிக், இரண்டும் பிரான்ஸ் மண். நம் பாஸ்போர்ட்டுக்கு விசா கேட்பார்கள்.

அதனால் மகன் கிளம்புவதற்கு முன்னாலேயே, எந்தத் தீவு வழியாக வெளியே வரலாம், அதற்கு என்ன விசா என்று எழுதி வைத்துக்கொள்ளட்டும். வழியில் அமெரிக்க விமான நிலையம் இருந்தால், மாறிப் போவதற்கும் அமெரிக்க விசா வேண்டும். அது கையில் இருப்பவனுக்கு ஆபத்து நேரத்தில் கதவு ஒன்று கூடுதல்.

நம் அரசாங்கம் உதவாதா என்றால், உதவும். இர்மாவுக்குப் பிறகு வெனிசுவேலாவின் கராகஸில் உள்ள நம் தூதரகம் தனி விமானம் ஏற்பாடு செய்து, செயின்ட் மார்ட்டினிலிருந்து 110 இந்தியர்களையும் மற்ற நாட்டவர் 60 பேரையும் குராசோ தீவுக்குக் கொண்டுபோனது. ஆனால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே தேடுவார்கள். டொமினிகாவுக்கு ட்ரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் உள்ள இந்தியத் தூதரகம்தான் பொறுப்பு. போய்ச் சேர்ந்த முதல் வாரமே பெயர், பாஸ்போர்ட் எண், தங்கும் இடம் மூன்றையும் அங்கே பதிவு செய்யச் சொல்லுங்கள். என் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஒன்பதாம் நாள் ஒரு நிவாரணப் படகுக்காரரின் சாட்டிலைட் போனில் நாற்பது விநாடி கிடைத்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் பாதி நேரம் அழுதேன். அம்மாவும் அழுதார்கள். நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லவே இல்லை. அதனால் இப்போதே வீட்டில் ஒரு வாசகம் பேசி வையுங்கள். நலம், இந்த இடம், அடுத்த தகவல் இந்த நாளில், அவ்வளவுதான். வெளிநாட்டில் இன்னொரு சொந்தக்காரர் எண்ணையும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். போன் செத்துவிட்டால் எந்த எண்ணும் ஞாபகம் வராது.

மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் சேலத்திலிருந்தும் கரீபியன் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். மரியா அடித்தபோது டொமினிகாவில் ரோஸ் மருத்துவப் பல்கலைக்கழகம் இருந்தது. மாணவர்களைப் படகில் செயின்ட் லூசியாவுக்குக் கொண்டுபோய், பிறகு செயின்ட் கிட்ஸ் துறைமுகத்தில் நின்ற கப்பலில் வகுப்பு நடத்தி, அப்புறம் அமெரிக்காவின் நாக்ஸ்வில்லுக்கு மாற்றினார்கள். 2019-இல் கல்லூரியே பார்படோஸுக்குப் போய்விட்டது. சேரும் முன் அந்தக் கல்லூரியின் வெளியேற்றத் திட்டம் என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு அப்படி யாரும் கப்பல் கொண்டுவருவதில்லை. நான் இருந்த இடத்தில் சம்பளம் அக்டோபரோடு நின்றது. டிக்கெட் யார் எடுப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. முதலாளியையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, அவர் வீடும் போயிருந்தது. ஆனால் உங்கள் மகன் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். புயலில் ஓட்டல் மூடினால் எத்தனை மாதச் சம்பளம், ஊர் திரும்பும் செலவு யாருடையது, புயல் நாளில் ஊழியர்கள் தங்கும் கட்டடத்துக்கு மேலே வார்ப்பா தகரமா. எழுத்தில் தர மறுத்தால் அந்த வேலை வேண்டாம் என்பேன். அந்தத் தொகைக்கு உள்ளூரில் வேலை இல்லை என்று தெரிந்தும்தான் சொல்கிறேன்.

கொடுத்தனுப்ப வேண்டியது அதிகம் இல்லை. தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ முக்கியம். புயலுக்குப் பிறகு தரை முழுக்க ஆணியோடு கிடக்கும் தகரம், என்னோடு இருந்தவனுக்கு இரண்டாம் நாளே காலில் ஏறியது. டிடி ஊசி போட்டுவிட்டு அனுப்புங்கள். வெள்ளத்தில் எலிக்காய்ச்சல் வரும், காலில் புண்ணோடு அந்தத் தண்ணீரில் இறங்கக்கூடாது. குளோரின் மாத்திரை, தலையில் மாட்டும் டார்ச், பாஸ்போர்ட் நகலை நனையாத உறையில் போட்டு இரண்டு. கையில் ரொக்கம், அதுவும் சில்லறை நோட்டாக. கரண்ட் இல்லை என்றால் கார்டு வெறும் அட்டை. அங்கே கிழக்குக் கரீபியன் டாலர், ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். அம்மாவின் மிளகாய்த்தூளும் கடுகும், மூடி இறுக்கமான பாட்டிலில்.

அனுப்பலாமா என்றால், அனுப்புங்கள். ஆனால் ஆகஸ்டில் வேண்டாம். டிசம்பரில் சேர்கிறேன் என்று கேட்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் அமைதியான பருவம் கிடைக்கும். அதற்குள் ஊர், மனிதர்கள், எந்தச் சரிவு எப்போது வழுக்கும் என்பதெல்லாம் பழகிவிடும். பக்கத்து வீட்டாரோடு பழகட்டும். நிவாரணப் பொட்டலம் எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் எத்தனையோ நாள் ஆனது. அதுவரை சோறு போட்டது அந்தப் பாட்டிதான்.

அவன் கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குக் கூட்டி வாருங்கள். தண்ணீர் புகுந்த ஜெனரேட்டரை எந்த வரிசையில் கழற்றிக் காயவைப்பது, கூரை போன வீட்டுக்குத் தார்ப்பாயைக் காற்றில் கிழியாதபடி எப்படிக் கட்டுவது, இரண்டையும் கையில் எடுத்துச் செய்துகாட்டுகிறேன். ஒரு பகல் போதும்.